நிறுவ மறுக்கும் மென்பொருளும் கணினியின் பழங்கணக்கும்

இல்லத்துக் கணினியில் அலுவலக மென்பொருளை நிறுவ அமர்ந்தவர் பலரும் ஒரு காட்சியை அறிவர். திரையிலே ஒரு பட்டை மெல்ல நீள்கிறது. பாதி நிறைகிறது, முக்கால் பங்கு நிறைகிறது, பின்னர் அசையாமல் நின்றுவிடுகிறது. சிறிது நேரத்தில் வந்த வழியே திரும்பிச் சென்று, இறுதியில் ஓர் எண்ணை மட்டும் காட்டிவிட்டு மறைகிறது. மறுபடி முயன்றால் மறுபடியும் அதே எண். மறுநாட் காலையில் அனுப்ப வேண்டிய விண்ணப்பம் ஒன்று காத்திருக்கும். அல்லது மகளின் கல்லூரிக் கட்டுரை காத்திருக்கும். "இந்தப் பொறியின் வித்தை எனக்குக் கைவராது" என்று சொல்லி வீட்டுப் பெரியவர் எழுந்துவிடுகிறார்.

அவர் தம்மையே நொந்துகொள்வது முறையன்று என்பதை எடுத்துக்காட்டுவதே இப்பேச்சின் நோக்கம். நிறுவ மறுக்கும் மென்பொருள், பெரும்பாலும், அக்கணினியில் தனக்கு முன்னரே குடியேறிய ஒன்றோடு வழக்காடிக்கொண்டிருக்கிறது. அவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதன் மூலத்தை அறிய வேண்டுமாயின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அவ்வரலாற்றை அறிந்தவருக்கு, எந்தப் பிழையை எங்கே தேடுவது என்பதும் ஓரளவு விளங்கிவிடும்.

தொடக்கத்தில் நிறுவுதல் என்ற செயலே பெரும்பாலும் இல்லை. 1979-ஆம் ஆண்டில் டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் ஆப்பிள் 2 கணினிக்காக விசிகால்க் என்ற கணக்குத்தாள் நிரலை வெளியிட்டனர். அது ஒரே ஒரு நெகிழ்வட்டில் அடங்கியிருந்தது. வட்டைச் செருகிக் கணினியை இயக்கினால் நிரல் தோன்றும். வட்டை எடுத்துவிட்டுக் கணினியை நிறுத்தினால் அதன் சுவடே அங்கு இராது. பிழை ஏற்பட்டால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவதே முழு மருத்துவமாக இருந்தது.

அதற்கு ஓராண்டு முன்னர், 1978-இல், சீமோர் ரூபின்ஸ்டைன் நடத்திய நிறுவனம் வோர்ட்ஸ்டார் என்ற சொற்செயலியை வெளியிட்டது. அதன் நிரலை எழுதியவர் ராப் பார்னபி. அக்காலத்தில் கணினித் திரைகளைச் செய்தவர் பலர்; ஒருவர் திரைக்குப் புரியும் கட்டளை மற்றொருவர் திரைக்குப் புரியாது. ஆகவே வோர்ட்ஸ்டாருடன் நிறுவுநிரல் ஒன்றும் வந்தது. உமது திரை எது, உமது அச்சுப்பொறி எது என்று அது கேட்கும். விடையை நிரலுக்குள்ளேயே குறித்துக்கொள்ளும். தவறான திரையைத் தேர்ந்தெடுத்தவருக்கு எழுத்துகள் தாறுமாறாகத் தெரிந்தன. அதற்கும் மருந்து எளியதே. மூல வட்டிலிருந்து புதிதாக ஒரு படி எடுத்து, மறுபடி விடை சொன்னால் போதும்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி வந்தது. 1983-இல் அதன் எக்ஸ்.டி. என்னும் வடிவம் 10 மெகாபைட் வன்தட்டுடன் வெளிவந்தது. இன்று ஒரு நிழற்படத்துக்கே அவ்வளவு இடம் தேவைப்படலாம். ஆயினும் அந்தச் சிறிய தட்டு ஒரு பெரிய மாறுதலைச் செய்தது. நிரல் இனி வந்துபோகும் விருந்தினர் அன்று. வீட்டிலேயே தங்கும் குடித்தனக்காரர் ஆகிவிட்டது. தங்குபவர் மிச்சம் வைத்துவிட்டுப் போவது இயல்பன்றோ? நம் கதையின் தொல்லைகள் அனைத்தும் இங்கிருந்தே கிளைக்கின்றன.

அவ்வாண்டு ஜனவரியில் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் நிரல் வேறொரு தொல்லையையும் உடன் கொணர்ந்தது. கள்ளப் படிகளுக்கு அஞ்சிய நிறுவனத்தார், நிரலை வன்தட்டுக்கு மாற்றிய பின்னரும், தொடங்கும் போதெல்லாம் மூல வட்டு செருகியிலே இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். மூல வட்டு பழுதானால், விலை கொடுத்து வாங்கியவரும் நிரலை இழந்தார். நம் நாட்டுக் கடற்கரை நகரங்களில் மழைக்காலத்து ஈரத்தில் நெகிழ்வட்டுகளில் பூஞ்சை படர்ந்ததைக் கண்டவர்கள் இத்துன்பத்தை நன்கு உணர்வர். 1980-களின் இறுதிக்குள் பெரும்பாலான அலுவலக மென்பொருள்கள் இம்முறையைக் கைவிட்டன. ஆனால் உரிமையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் மறையவில்லை. பின்னர் வேறு உருவில் திரும்பியது.

அக்காலத்தில் இந்திய அலுவலகங்களில் வோர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் ஆகிய மூன்றும் பரவலாகப் பழகின. ஆங்கிலம் மட்டுமே அறிந்த அந்நிரல்களில் இந்திய எழுத்துகளைக் காட்டுவதற்காகக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் தோன்றிய ஜிஸ்ட் என்னும் நுட்பத்தை, 1988-இல் புனேயில் தொடங்கிய சி-டாக் நிறுவனம் ஓர் அட்டையாக வளர்த்தெடுத்தது. கணினியைத் திறந்து அதனுள் அட்டையைச் செருகினால், அதே நிரல்களில் இந்தியையோ தமிழையோ தட்டச்சிடலாம். நம் மொழியைக் கணினியில் நிறுவுவது அன்று திருப்புளியும் கையுமாகச் செய்யும் வேலையாகவே இருந்தது.

அடுத்த காலம் விண்டோஸின் காலம். 1990-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் சொற்செயலி, கணக்குத்தாள், படக்காட்சி நிரல் ஆகியவற்றைச் சேர்த்து ஆபீஸ் என்ற தொகுப்பாக விண்டோஸுக்கு வெளியிட்டது. தொகுப்பு வளர வளர வட்டுகளும் பெருகின. ஆபீஸ் 97 குறுந்தகட்டில் வந்ததோடு, தகட்டுச் செருகி இல்லாதவர்களுக்காக 45 நெகிழ்வட்டுகளாகவும் வந்தது. நாற்பத்து நான்காவது வட்டில் ஒரு கீறல் இருந்தாலும் அதுவரை செய்த முயற்சி அனைத்தும் வீண்.

எனினும், வட்டின் கீறலைவிட ஆழமான தொல்லை வேறொன்று இருந்தது. விண்டோஸில் பல நிரல்களுக்குப் பொதுவான வேலைகளைச் செய்யும் துணைக்கோப்புகள் உண்டு, அவற்றை டி.எல்.எல். என்பர். ஒரு தெருவார் அனைவரும் ஒரே கிணற்றில் நீர் எடுப்பது போல, நிரல்கள் அனைத்தும் அக்கோப்புகளைப் பகிர்ந்துகொண்டன. இடமும் நினைவகமும் அருமையாக இருந்த காலத்தில் அது நல்ல சிக்கனமே. ஆனால் புதிதாக வந்த நிரலின் நிறுவி, தன்னிடமிருந்த பழைய பதிப்பைக் கொண்டுவந்து, அங்கிருந்த புதிய பதிப்பின்மேல் எழுதிவிடுவதுண்டு. விளையாட்டு ஒன்றை நிறுவியதும் சொற்செயலி இயங்க மறுக்கும். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வீட்டார் திகைப்பர். நிரலாளர் இந்நிலையை டி.எல்.எல். நரகம் என்றே அழைத்தனர்.

1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, நிரல்களின் அமைப்புச் செய்திகளைச் சிதறிய சிறுசிறு கோப்புகளிலிருந்து பெயர்த்து, பதிவேடு என்னும் ஒரே பேரேட்டில் திரட்டியது. ஒழுங்கு பிறந்தது உண்மையே. ஆயினும் ஒரு நிரலின் கோப்புறையை அழித்தால் நிரல் போய்விட்டது என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். கோப்புகள் போயின, பேரேட்டில் அதன் பெயர் மட்டும் நின்றது. புதிய பதிப்பு வந்து பேரேட்டைப் பார்க்கும்போது, பழையவர் இன்னும் குடியிருக்கிறார் என்றே எண்ணியது.

இக்குறைகளைக் களைய எழுந்ததே விண்டோஸ் நிறுவி என்னும் பொதுக் கருவி. அது 1999-இல் ஆபீஸ் 2000 தொகுப்புடன் முதன்முதலாக வெளிவந்தது. அதன் அடிப்படைக் கொள்கை சிறந்தது: முழுவதும் நிறுவு, இயலாவிடில் தொடங்குமுன் இருந்த நிலைக்கே திரும்பு. தொடக்கத்தில் நாம் கண்ட பட்டை பின்னோக்கிச் செல்வது இதனாலேயே. கணினி பாழாகாமல் காக்கும் செயல் அது. பார்ப்பவருக்கு மட்டும் அது தோல்வியாகத் தெரிகிறது.

அக்கருவி தரும் எண்கள் சிலவற்றை அறிந்துவைத்தல் நன்று. 1618 என்பது வேறொரு நிறுவல் இன்னும் முடியவில்லை என்பதைக் குறிக்கும். காத்திருந்தோ கணினியை மறுபடி தொடங்கியோ முயன்றால் பெரும்பாலும் தீரும். 1706 என்பது மூலக் கோப்புகள் அகப்படவில்லை என்பதன் அடையாளம். பழைய பதிப்பைப் பழுதுபார்க்கவோ நீக்கவோ அதன் மூலத் தகடே தேவைப்படும் நிலை அது. 1603 என்பது பொதுவான பெருந்தோல்வி. காய்ச்சல் என்பது நோயின் பெயரன்று, அறிகுறி என்பது போல, இவ்வெண்ணும் காரணத்தைச் சொல்வதில்லை. நிறுவி எழுதிவைக்கும் குறிப்புக் கோப்பில் அவ்வெண்ணுக்குச் சற்று முன்னுள்ள வரிகளிலேயே காரணம் தென்படும்.

பேரேட்டில் தங்கிய பழைய பதிவுகளைத் துடைக்க மைக்ரோசாப்ட் நிறுவனமே ஒரு துடைப்புக் கருவியை வழங்கிவந்தது. அது வேறு நிரல்களின் உறுப்புகளையும் சில வேளைகளில் சேதப்படுத்தியமையால் 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. செய்த நிறுவனமே கைவிட்ட அனுபவத்தை எண்ணிப் பார்த்தால், பதிவேட்டைத் தூய்மை செய்கிறோம் என்று விளம்பரப்படுத்தும் பெயர் தெரியாத கருவிகளை நம்பி வீட்டுக் கணினியை ஒப்படைப்பது எத்துணை துணிச்சலான செயல் என்பது புலப்படும்.

நிற்க. இந்திய மொழிகளின் பக்கம் மறுபடி வருவோம். விண்டோஸ் 2000 பதிப்பிலேயே தேவநாகரிக்கு மங்கள், தமிழுக்கு லதா என்னும் எழுத்துருக்களுடன் யூனிகோட் முறையில் இவ்விரு எழுத்துகளும் இடம்பெற்றன. 2001-இல் வந்த எக்ஸ்.பி. பதிப்பு மேலும் பல இந்திய எழுத்துகளைச் சேர்த்தது. ஆனால் அவ்வசதி உறங்கியே கிடந்தது. மொழி அமைப்புகளுக்குள் சென்று, சிக்கலான எழுத்துமுறைக்கான கோப்புகளை நிறுவுக என்ற கட்டத்தில் குறியிட்டு, கேட்கும்போது விண்டோஸின் மூலத் தகட்டைச் செருகுதல் வேண்டும். கடையில் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய கணினியை வாங்கிய வீடுகள் பலவற்றில் அத்தகடு இல்லை. தில்லியிலிருந்து மகன் அனுப்பிய தமிழ்க் கடிதம், ஊரில் உள்ள தாய்க்கு வெறும் கட்டங்களாகவே தெரிந்தது. மென்பொருள் நன்றாகவே நிறுவப்பட்டிருந்தது, மொழிதான் நிறுவப்படவில்லை. 2007-இல் வீடுகளுக்கு வந்த விஸ்டா பதிப்பிலிருந்து அவ்வசதி தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் அமைந்தது. இதனிடையே 2005-ஆம் ஆண்டில் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, எழுத்துருக்களும் திறந்த மூல அலுவலகத் தொகுப்பும் அடங்கிய தகடுகளைத் தமிழிலும் இந்தியிலும் இலவசமாக வழங்கத் தொடங்கியதும் இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது.

உரிமையை மெய்ப்பிக்கும் வழக்கம் திரும்பி வந்தது எனக் கூறினோம். 2001-இன் ஆபீஸ் எக்ஸ்.பி. பதிப்பு, நிறுவிய பின்னர் இணையத்தின் வழியாகவோ தொலைபேசியின் வழியாகவோ உரிமத்தை உறுதிசெய்யக் கேட்டது. 2010-இல் கிளிக்-டு-ரன் என்ற புதுமுறை சில பதிப்புகளில் புகுந்து, 2013 முதல் பெருவழக்காயிற்று. தகடு இன்றி, இணையத்திலிருந்து பகுதி பகுதியாக இறக்கி நிறுவும் முறை அது. தகடு தொலைந்த துன்பம் அத்துடன் ஒழிந்தது. இணையம் இடையில் அறுந்தால் நிறுவலும் அறும் துன்பம் தொடங்கியது.

பழைய விண்டோஸ் நிறுவியில் வந்த ஆபீஸும், கிளிக்-டு-ரன் வழி வந்த ஆபீஸும் பல சேர்க்கைகளில் ஒரே கணினியில் ஒத்து வாழ்வதில்லை. அவ்வாறே 2010 முதல் 32 பிட், 64 பிட் என இருவகை ஆபீஸ் உண்டு. இரண்டும் ஒருங்கே இருக்க இயலா. இன்றைய வீடுகளில் காணும் பிடிவாதங்களுக்கு இது முதன்மையான காரணம். கடையில் வாங்கும்போதே மடிக்கணினியில் ஒரு தொகுப்பு இருக்கும். அதை அறியாது, வீட்டில் இருந்த பழைய தகட்டையோ வேறொரு பதிப்பையோ நிறுவ முயல்வர். இரு தலைமுறைகள் ஒரே வாயிலில் முட்டிக்கொள்கின்றன. திரையிலோ ஓர் எண் மட்டும் தெரிகிறது.

ஒவ்வொரு தலைமுறையின் மருந்தும் அடுத்த தலைமுறையின் நோய்க்கு வித்தாக நின்றதை இதுவரை கண்டோம். இனி இவ்வரலாறு காட்டும் வழியில் தொல்லையைத் தீர்க்கும் ஒழுங்கைக் காண்போம்.

முதற்கண், ஆவணங்களையும் படங்களையும் பென் டிரைவிலோ வேறு தட்டிலோ படியெடுத்துக்கொள்க. மென்பொருளை மறுபடி வாங்கலாம். மறைந்த தந்தையார் தட்டச்சிட்ட குறிப்புகளை மறுபடி வாங்க இயலாது. பிறகு, பிழை எண்ணை முழுமையாக ஒரு தாளில் எழுதிக்கொள்க. கிளிக்-டு-ரன் முறையில் இடையே கோடிட்டு இரு பகுதிகளாக எண் வருவதுண்டு, இரண்டும் தேவை.

அடுத்து, வெளிப்படையான காரணங்களை நோக்குக. கணினியை முறையாக மறுபடி தொடங்குக. தேதியும் நேரமும் சரியா என்று பார்க்க. தாய்ப்பலகையில் உள்ள பொத்தான் மின்கலம் தீர்ந்த கணினி, பல ஆண்டு பிந்திய தேதியைக் காட்டும். அந்நிலையில் இணையத்தின் பாதுகாப்புச் சோதனைகள் தோற்று, பதிவிறக்கமும் உரிம உறுதியும் நடவா. ஆபீஸின் அண்மைப் பதிப்புகள் 4 கிகாபைட் காலியிடம் கேட்கின்றன; நிறுவும்போது தற்காலிகக் கோப்புகளுக்கும் இடம் வேண்டுமாதலால் அதனினும் மிகுதியாக இருத்தல் நலம். நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் நுழைந்திருக்கிறோமா என்பதையும் காண்க. விண்டோஸின் பதிப்பையும் நோக்குக. ஆபீஸ் 2019 விண்டோஸ் 7-இல் எவ்வகையிலும் நிறுவப்படாது; அங்கே இரவெல்லாம் முயல்வது வீண்.

இவை யாவும் செம்மையாக இருந்தும் மறுத்தால், பழங்கணக்கை ஆராய்க. நிறுவிய நிரல்களின் பட்டியலைத் திறந்து, அதில் எத்தனை ஆபீஸ்கள், எந்த ஆண்டின் பதிப்புகள், எத்தனை பிட் என்று காண்க. தேவையற்றதை அப்பட்டியலின் வழியே நீக்குக. கோப்புறையைக் கையால் அழித்தல் ஆகாது. பட்டியலின் வழி நீங்க மறுப்பதை, தயாரித்த நிறுவனமே அளிக்கும் நீக்குக் கருவியால் நீக்கலாம். நீக்கியவுடன் கணினியை மறுபடி தொடங்கிய பின்னரே புதியதை நிறுவுக. பலர் தவறுவது இவ்விடத்தில்தான். பயன்பாட்டில் இருந்த கோப்புகள் சில, மறுதொடக்கத்தின்போதே உண்மையில் அகலும்.

இணையம் தடுமாறும் ஊர்களில், முழு நிறுவியையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டு நிறுவுவது நலம். வைரஸ் தடுப்பு மென்பொருள் குறுக்கிடுவதாக ஐயம் எழுந்தால், முறையான இடத்திலிருந்து பெற்ற நிறுவிக்கு மட்டும், சிறிது நேரம் அதை நிறுத்திவைத்து, வேலை முடிந்தவுடன் மீண்டும் இயக்குக. முன்பு இயங்கிய ஆபீஸ் இப்போது கெட்டிருந்தால், அதிலேயே விரைவுப் பழுதுநீக்கம், இணையவழிப் பழுதுநீக்கம் என இருவகை உண்டு. எளியதை முதலில் செய்து பார்க்க.

மறுநாட் காலையில் அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தை நாம் மறந்துவிடவில்லை. அதற்கு மாற்றுவழி உண்டு. 2000-இல் மூலநிரல் திறந்துவிடப்பட்ட ஓப்பன் ஆபீஸின் வழித்தோன்றலாக 2010-இல் பிரிந்த லிப்ரே ஆபீஸ், மைக்ரோசாப்ட் தொகுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தனித்தே நிறுவப்படுவது, விலையற்றது, தமிழிலும் பணிபுரிவது. அதிலும் பழங்கணக்கு உண்டு. பழைய பயனர் அமைப்புகள் கெட்டுப்போனால் மறுபடி நிறுவினாலும் பயனில்லை. ஏனெனில் நீக்கும்போது அவை நீங்குவதில்லை. இதற்கென 2017-இல் அதன் 5.3 பதிப்பில் பாதுகாப்பு முறை ஒன்று சேர்க்கப்பட்டது. அதன்வழி அவ்வமைப்புகளைத் தொடக்க நிலைக்கு மீட்கலாம். இரவிலே விண்ணப்பத்தை இதில் எழுதி அனுப்பிவிட்டு, பிடிவாதக்காரரோடு பேசும் பணியை விடுமுறை நாளுக்கு ஒத்திவைப்பதில் இழுக்கு ஏதுமில்லை.

மனம் சோர்ந்த வேளையில் செய்யத்தகாதவை இரண்டு உண்டு. தொலைபேசியில் தாமாக அழைத்து, உங்கள் கணினியில் பழுது என்று சொல்வோருக்குக் கணினியை இயக்கும் அனுமதியை ஒருபோதும் அளிக்கலாகாது. உரிமத்தை உடைத்த படிகளை நாடுதலும் ஆகாது. அவற்றுடன் வேறென்ன குடியேறுகிறது என்பதை நாம் காணோம். தன்னைத் தானே நொந்துகொண்டவரே இவ்விரு வலைகளிலும் எளிதில் விழுகிறார். எண்ணைக் காட்டிய பொறிக்கு ஒரு வரலாறு உண்டு என்று அறிந்தவருக்கு அவசரம் குறையும்.

காலமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸ் 10-க்கும், ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 ஆகிய பதிப்புகளுக்கும் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று ஒருங்கே முடிந்தது. பழையதை நீக்கிப் புதியதை ஏற்றும் வேலை இன்னும் பல இல்லங்களில் காத்திருக்கிறது. அதனைத் தொடங்குமுன், கணினிக்கென ஒரு சிறு குறிப்பேடு வாங்கி அதன் அருகில் வைக்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாங்கிய நாள், நிறுவிய மென்பொருள், அதன் பதிப்பு, எத்தனை பிட், எந்தக் கணக்கில் உரிமம், எதை எந்நாளில் நீக்கினோம் என்று வரிக்கொன்றாக எழுதிவாருங்கள். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுத வேண்டா. அடுத்த முறை பட்டை பாதியில் நிற்கும்போது, உதவிக்கு வரும் அண்டை வீட்டுப் பிள்ளை முதலில் கேட்கப்போவது, இதற்கு முன் இதில் என்ன இருந்தது என்பதே. விடை அக்குறிப்பேட்டில் இருக்கும்.